கெளுத்தி முள்ளும் சிப்பி ஓடும்

மேற்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஜூலை 31-ஆம் தேதியோடு முடியும். அதன்பின் ஆகஸ்ட் மாதம் முழுவதும் எங்கள் வாசலுக்கு வரும் மீன்கூடைகள் நிறைந்தே வரும். மூன்று ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு சனிக்கிழமைக் காலையில், எங்கள் குமரி மாவட்டத்து முட்டத்திலிருந்து மீன் கொண்டுவரும் அக்காவிடம் அம்மா கெளுத்தி வாங்கினார். அம்மாவுக்கு அன்று முதுகுவலி என்பதால் நான் அதை வெட்ட உட்கார்ந்தேன். கெளுத்தியை வெட்டுவோர் முதலில் அதன் முதுகு முள்ளையும் இரு பக்கத்து முட்களையும் தட்டி ஒடித்துவிடுவார்கள். நான் இரண்டை ஒடித்துவிட்டு மூன்றாவதை மறந்துவிட்டேன். அது என் இடது கட்டைவிரலின் அடிச்சதையில் அரை அங்குலம் இறங்கியது. பிடுங்கும்போது, அரத்தைப் போன்ற அதன் பற்கள் சதையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தன.

வலி முழங்கை வரை ஏறியது. "மக்களே, கைய சூடுவெள்ளத்துல வை, பொறுக்குற சூடு போதும்" என்று அம்மா ஒரு சருவத்தில் வெந்நீர் கொண்டுவந்து வைத்தார். கெளுத்தி முள்ளின் உறையில் இருக்கும் நஞ்சு புரதத்தால் ஆனது. சூட்டில் அது செயலிழந்துவிடும் என்பதால் மருத்துவர்களும் இதையே முதலுதவியாகச் சொல்கிறார்கள். அரை மணி நேரத்தில் நஞ்சின் வலி தணிந்தது. ஆனால் நான் இங்கே எழுத வந்தது நஞ்சைப் பற்றி அல்ல. முள்ளோடு சேர்ந்து உள்ளே போன கிருமிகளை அடுத்த பத்து நாட்களில் என் விரல் எப்படி எதிர்கொண்டது என்பதைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

நான் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் கற்பிப்பவள். நோய்த்தடைக்காப்பியல் பாடத்தை ஆண்டுதோறும் நடத்துகிறேன். விழுங்கு செல்கள், எதிர்ப்பொருள், நிணநீர் முடிச்சு என்று மாணவர்கள் பெயர்களைத் தவறில்லாமல் எழுதிவிடுகிறார்கள். வகுப்பறையை விட்டு வெளியே வந்ததும் அத்தனை பெயர்களும் மறைந்து, ‘எதிர்ப்பு சக்தி’ என்ற ஒற்றைச் சொல் மட்டுமே எஞ்சுகிறது. அந்தச் சொல்லைக் கேட்கும்போது, குடத்துத் தண்ணீரைப் போல அது ஏதோ ஓர் அளவு என்றும், குறைந்தால் ஒரு பொடியையோ பானத்தையோ கொண்டு ஊற்றி நிரப்பிக்கொள்ளலாம் என்றும் தோன்றிவிடுகிறது. என் விரலிலும், அதற்குச் சில மாதங்கள் கழித்து அப்பாவின் காலிலும் நான் பார்த்தது அப்படி ஓர் அளவு அன்று. அயலானைக் கண்டுகொள்வது, ஆள் கூப்பிடுவது, கொல்வது, நினைவில் வைத்துக்கொள்வது, வேலை முடிந்ததும் நிறுத்துவது என்று பல வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாகவும் ஒன்றோடொன்று பின்னியும் நடக்கின்றன. அவற்றில் எது நின்றுபோனாலும் மற்றவை தடுமாறுகின்றன. நமக்குத் தெரியும் சிவப்பும் வலியும் காய்ச்சலும் பெரும்பாலும் அந்த வேலைகளின் சத்தம்தான்.

முள் தைக்கும் வரைக்கும் அந்த இடத்தைக் காத்தது தோல். தோலின் மேற்பரப்பு இறந்த செல்கள் அடுக்கடுக்காக ஒட்டிக் கிடக்கும் ஒரு கூரை. ஏறத்தாழ நான்கு வாரங்களுக்கு ஒருமுறை அது முழுவதும் உதிர்ந்து புதிதாகிறது. வியர்வையும் எண்ணெய்ப் பசையும் அதன்மேல் ஒரு மெல்லிய அமிலப் பூச்சை இடுகின்றன. ஏற்கெனவே அங்கே குடியிருக்கும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் புதியவை வந்து தங்க இடம் கொடுப்பதில்லை. கண்ணீரிலும் எச்சிலிலும் பாக்டீரியாவின் சுவரைக் கரைக்கும் லைசோசைம் இருக்கிறது. பென்சிலினைக் கண்டறிவதற்கு முன்பே, 1922-இல், அலெக்சாண்டர் ஃபிளெமிங் அதைப் பற்றி எழுதிவிட்டார். மூச்சுக்குழாயில் சளியும், இரைப்பையில் அமிலமும் காவல் இருக்கின்றன. நாம் அறியாமலே தோற்றுப்போகும் கிருமிகள்தாம் மிகுதி. முள் செய்தது, இந்தக் கூரையைத் தாண்டி நேராக உள்வீட்டுக்குள் கிருமியைக் கொண்டுபோய் இறக்கிவிட்டதுதான்.

முதல் நாள் மாலையிலேயே கட்டைவிரல் சிவந்து, தொட்டால் சுட்டது. இரவில் வீங்கியது. சிவப்பு, வீக்கம், சூடு, வலி ஆகிய இந்த நான்கையும் முதல் நூற்றாண்டு ரோமாபுரியைச் சேர்ந்த கெல்சஸ் சேர்த்தே எழுதி வைத்திருக்கிறார். இவற்றின் காரணம் தெரிய மேலும் ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. தோலுக்கு அடியில் பெருவிழுங்கு செல்களும் மாஸ்ட் செல்களும் எப்போதும் காத்திருக்கின்றன. அவை ஒவ்வொரு கிருமியையும் தனித்தனியே அறிந்தவை அல்ல. பாக்டீரியாவின் சுவரில் இருக்கும், நம் உடலில் எங்கும் இல்லாத சில பொது அடையாளங்களை மட்டும் அறிந்தவை. அந்த அடையாளத்தைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகளுக்கு ‘டோல்’ என்ற குடும்பப் பெயர் உண்டு. பழ ஈயில் இந்த ஏற்பி இல்லாவிட்டால் பூஞ்சைத் தொற்றில் ஈ மடிந்துவிடுகிறது என்று ஜூல்ஸ் ஹாஃப்மன் குழுவினர் 1996-இல் காட்டினர். அதற்கு ஒத்த ஏற்பி எலியிலும் இருப்பதை 1998-இல் புரூஸ் பாய்ட்லர் காட்டினார். இருவரும் 2011-ஆம் ஆண்டின் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். ஈக்கும் எலிக்கும் மனிதனுக்கும் முதல் காவலாளி ஒரே வம்சத்தைச் சேர்ந்தவன் என்பதை ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் சொல்லும்போது எனக்கு மெய்சிலிர்க்கும்.

அடையாளம் கண்ட செல்கள் ஹிஸ்டமின் முதலிய வேதிப்பொருள்களைக் கொட்டுகின்றன. சுற்றியுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிகின்றன. இரத்தம் அதிகமாகப் பாய்வதால் சிவப்பும் சூடும் வருகின்றன. குழாயின் சுவர் தளர்ந்து நீர் கசிவதால் வீக்கம் வருகிறது. நரம்பு முனைகள் தூண்டப்படுவதால் வலி வருகிறது. அந்த வலி காரணமாகத்தான் நான் அந்த விரலை எதிலும் படாமல் தூக்கியே வைத்திருந்தேன். கசிந்த நீரோடு இரத்தத்திலிருக்கும் நிரப்புப் புரதங்களும் வந்து சேர்ந்து, சில கிருமிகளின் மேல் ஒட்டிக்கொண்டு அவற்றை விழுங்கு செல்களுக்குக் காட்டிக்கொடுக்கின்றன, சிலவற்றைத் தாமே துளைத்துவிடுகின்றன.

இவற்றுக்குப் பின்னால் வருபவை நியூட்ரோஃபில்கள். நாம் இரத்தப் பரிசோதனை செய்யும்போது வெள்ளை அணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 4,000 முதல் 11,000 வரை என்று தாளில் போட்டிருக்கும். அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை இவைதாம். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 10,000 கோடி நியூட்ரோஃபில்களை எலும்பு மஜ்ஜை உருவாக்கி அனுப்புகிறது. இரத்தத்தோடு ஓடிக்கொண்டிருக்கும் நியூட்ரோஃபில், வீங்கிய இடத்தை அடைந்ததும் குழாயின் உட்சுவரில் ஒட்டி உருளத் தொடங்குகிறது, பிறகு நிற்கிறது, பிறகு தன் உடலை நூலைப் போல் மெலிதாக்கிக்கொண்டு இரண்டு செல்களுக்கு நடுவே நுழைந்து வெளியே வருகிறது. வந்த இடத்தில் கிருமிகளை விழுங்கிக் கொல்கிறது. வேண்டுமானால் தன் மரபுப்பொருளையே வலையாக வெளியே வீசி அதில் கிருமியைச் சிக்கவைக்கிறது. அதற்குப் பிறகு அது பிழைப்பது அரிது. நாம் முகம் சுளித்துத் துடைத்து எறியும் சீழ், இப்படி வேலை செய்து மடிந்த செல்களின் குவியல்தான்.

இதை முதலில் கண்டவரின் கதையில் முள்ளும் உண்டு, கடலும் உண்டு. ரஷ்யப் பேரரசைச் சேர்ந்த இலியா மெச்னிகோவ் 1882-இல் சிசிலித் தீவின் மெசீனாவில் தங்கியிருந்தார். வீட்டார் அனைவரும் சர்க்கஸ் பார்க்கப் போன ஒரு நாளில் அவர் மட்டும் நுண்ணோக்கியோடு இருந்தார். கண்ணாடியைப் போல் ஒளி ஊடுருவும் நட்சத்திர மீன் குஞ்சுகளின் உடலுக்குள் நகரும் செல்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இவை உடலைக் காக்கும் செல்களாக இருக்கக்கூடுமோ என்ற எண்ணம் அவருக்கு வந்தது. அப்படியானால் ஒரு முள்ளைச் செருகினால் இவை அதைச் சூழ வேண்டும். தோட்டத்திலிருந்து சில ரோஜா முட்களைக் கொண்டுவந்து அந்தக் குஞ்சுகளின் தோலுக்கடியில் செருகினார். அன்றிரவு அவருக்கு உறக்கம் வரவில்லை. விடிந்ததும் பார்த்தால் முட்களைச் சுற்றி அந்தச் செல்கள் மொய்த்துக் கிடந்தன. இரத்தமும் இரத்தக் குழாயும் இல்லாத ஓர் உயிரிலேயே இது நடக்கிறது என்பதுதான் அந்தச் சோதனையின் அழகு. 1908-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசை அவரும் பால் எர்லிக்கும் பகிர்ந்துகொண்டார்கள். என் விரலைப் பார்த்துக்கொண்டே அந்த ஞாயிற்றுக்கிழமை இரவு முழுவதும் நான் மெச்னிகோவை நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் அக்குளில் நெறி கட்டியது. ‘நெறி கட்டியிருக்கிறது’ என்று நம் வீடுகளில் சொல்வதுதான் நிணநீர் முடிச்சு வீங்குவது. அன்று மாலையே காய்ச்சலும் வந்தது; வெப்பமானி 38.4 பாகை செல்சியஸ் காட்டியது. காய்ச்சலைக் கிருமி உண்டாக்குவதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அதற்கான ஆணை நம் மூளையிலிருந்தே வருகிறது. விழுங்கு செல்கள் வெளியிடும் செய்திப் புரதங்கள் மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரக்க வைக்கின்றன. அது உடலின் வெப்ப அளவை மேலே ஏற்றி வைக்கிறது. அந்த அளவை எட்டும் வரை நாம் நடுங்குகிறோம், போர்வையைத் தேடுகிறோம். பாராசிட்டமால் இந்தப் புரோஸ்டாகிளாண்டினைக் குறைத்துத்தான் காய்ச்சலை இறக்குகிறது, கிருமியை அது தொடுவதில்லை.

எங்கள் வீட்டுப் பின்புறத்துப் பாறையில் காலை வெயிலில் ஓணான் தலையை ஆட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஓணானுக்கு உடலுக்குள் வெப்பத்தை ஏற்றும் வசதி கிடையாது; வெயிலுக்குப் போனால்தான் சூடு. அமெரிக்கப் பாலைவனத்தில் வாழும் இகுவானாக்களுக்குப் பாக்டீரியாவை ஏற்றிப் பார்த்தபோது, அவை வழக்கத்தைவிடச் சூடான இடத்தைத் தேடிப் போயின. அவ்வாறு போகவிடாமல் குறைந்த வெப்பத்தில் அடைத்து வைத்தவற்றில் இறப்பு மிக அதிகமாக இருந்தது. மாத்யூ குளுகரும் அவருடைய குழுவினரும் 1975-இல் வெளியிட்ட சோதனை இது. நோயுற்ற பல்லியினம் நடந்துபோய்த் தேடிக்கொள்ளும் காய்ச்சலை, நாம் படுத்த இடத்திலேயே பெறுகிறோம். இதைச் சொல்வதால் காய்ச்சலுக்கு மருந்து கூடாது என்று நான் சொல்வதாக யாரும் கொள்ள வேண்டாம். உடல் தாங்காதபோது மாத்திரை வேண்டும். மூன்று மாதம் நிறையாத குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் ஒரு நாள்கூடக் காத்திராமல் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். எனினும் 38 பாகையைக் கண்டதும் கலங்கி, நான்கு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை என்று அலாரம் வைப்பவர்களைப் பார்க்கும்போது, உடல் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதை யாராவது அவர்களுக்குச் சொல்லியிருக்கலாமே என்று தோன்றுகிறது.

நான்காம் நாள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். மருத்துவர் விரலைக் கீறிச் சீழை வெளியேற்றி, ஐந்து நாளைக்கு மாத்திரை எழுதினார். செவிலியர் கட்டுப் போடுவதற்கு முன்பு, மணிக்கட்டு வரை பரவியிருந்த சிவப்பின் விளிம்பைச் சுற்றி நீலப் பேனாவால் ஒரு கோடு வரைந்தார். "இந்தக் கோட்டத் தாண்டி சிவப்பு வந்தா ராத்திரின்னாலும் வந்திருங்க டீச்சர், உள்ள ஒதுங்கிச்சின்னா பயப்படாண்டாம்" என்றார். இத்தனை ஆண்டுகளாகப் பாடம் நடத்தியும் எனக்குத் தெரியாத ஓர் எளிய அளவுகோல் அது.

டெட்டனஸ் ஊசியும் போட்டார்கள். முள், ஆணி போன்றவை ஆழமாகத் துளைத்த காயத்தில் காற்று புகாது. டெட்டனஸ் கிருமிக்கு அத்தகைய இடமே வசதி. இந்த நோயின் விசித்திரம் என்னவென்றால், அது வந்து பிழைத்தவர்களுக்குக்கூட மறுமுறை பாதுகாப்பு கிடைப்பதில்லை. உயிரைக் குடிக்கப் போதுமான நஞ்சின் அளவு, உடல் அதைக் கண்டு நினைவில் பதித்துக்கொள்ளத் தேவையான அளவைவிடக் குறைவு. ஆகவே டெட்டனஸைப் பொறுத்தவரை, எவ்வளவு வலுவான உடலாக இருந்தாலும் தடுப்பூசியைத் தவிர வேறு ஆசிரியர் இல்லை. 1890-இல் எமில் ஃபான் பெஹ்ரிங்கும் கிட்டாசாட்டோ ஷிபாசாபுரோவும், டெட்டனஸ் நஞ்சுக்குப் பழக்கிய விலங்கின் இரத்த நீர் இன்னொரு விலங்கைக் காக்கும் என்று கண்டதிலிருந்துதான், கிருமியையும் நஞ்சையும் பற்றி முடக்கும் புரதமான எதிர்ப்பொருள் பற்றிய அறிவே தொடங்கியது.

நெறி கட்டிய அக்குளுக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது? காயத்திலிருந்து கிளை செல்கள் கிருமியின் துண்டுகளைச் சுமந்துகொண்டு நிணநீர் வழியாக அந்த முடிச்சுக்கு வருகின்றன. அங்கே லிம்ஃபோசைட்டுகள் என்ற வெள்ளை அணுக்கள் கூடியிருக்கின்றன. அவை ஒவ்வொன்றும் ஒரே ஒரு வடிவத்தை மட்டும் அறியும். உலகில் இன்னும் தோன்றாத கிருமிக்கும் பொருந்தக்கூடிய வடிவம் அவற்றில் எங்கோ இருக்கிறது. இத்தனை வடிவங்களை எழுதி வைக்க நம் மரபணுக்களில் இடமே இல்லையே என்று விஞ்ஞானிகள் நெடுங்காலம் திகைத்தார்கள். சுசுமு டோனெகாவா 1976-இல் விடை கண்டார். 1987-இல் அதற்கு நோபல் பரிசு பெற்றார். தோவாளையில் மாலை கட்டுபவர்களைப் பார்த்தவர்களுக்கு அந்த விடை எளிதில் விளங்கும். அரளி ஒரு குவியல், சம்பங்கி ஒரு குவியல், பச்சை ஒரு குவியல் என்று எதிரே வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலிருந்தும் எடுத்து எடுத்து அடுக்கும் முறையை மாற்றினாலே மாலைக்கு மாலை வேறாகிறது. எதிர்ப்பொருளை உருவாக்கும் செல்லும் அப்படியே, சில மரபணுக் குவியல்களிலிருந்து ஒவ்வொரு துண்டை எடுத்து வெட்டி ஒட்டித் தனக்கென்று ஒரு வடிவத்தைக் கட்டிக்கொள்கிறது. வந்த கிருமிக்குப் பொருந்தும் செல் அகப்பட்டதும் அது பிளந்து பிளந்து பெருகுகிறது. அந்தப் பெருக்கம்தான் நெறி. முதல்முறை சந்திக்கும் கிருமிக்கு இதற்கு ஒரு வாரம் வரை ஆகும். அதுவரை முன்வரிசையில் நின்று தாக்குப்பிடிப்பவை நியூட்ரோஃபில்களும் பெருவிழுங்கு செல்களும்தான்.

பெருகியவற்றில் சில நினைவு செல்களாகத் தங்கிவிடுகின்றன. டென்மார்க்கின் ஆட்சியில் இருந்த ஃபேரோ தீவுகளில் 1846-இல் தட்டம்மை பரவியபோது, பீட்டர் பானும் என்ற இளம் மருத்துவர் அங்கே அனுப்பப்பட்டார். ஏறத்தாழ 7,800 பேர் வாழ்ந்த அத்தீவுகளில் 6,000 பேர் படுத்துவிட்டார்கள். ஆனால் 1781-இல் வந்த முந்தைய தட்டம்மையில் நோயுற்றுப் பிழைத்த முதியவர்களில் ஒருவருக்கும் நோய் வரவில்லை என்று அவர் எழுதினார். இடையில் 65 ஆண்டுகள் தட்டம்மையே எட்டிப் பார்க்காத தீவு அது. அவர்களின் உடல் மட்டும் மறக்கவில்லை. நம் ஊரிலும் அம்மை போட்ட பிள்ளைக்கு வேப்பிலையால் தடவிக் கொடுக்க, முன்பே அம்மை கண்டவர்களைத்தான் பக்கத்தில் விடுவார்கள். நினைவு செல் என்ற பெயர் அவர்களுக்குத் தெரியாது, ஆனால் அது செய்யும் வேலையை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

என் பாட்டிக்கு எட்டு வயதில் சின்னம்மை வந்ததாம். 76-ஆம் வயதில் அவருக்கு இடுப்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாகக் கொப்புளம் வந்தது. ‘அக்கி’ என்று சொல்லி, மண்பானை செய்யும் வீட்டுக்குப் போய்க் காவி எழுதிக்கொண்டார். சின்னம்மை வைரஸ் குணமான பிறகும் முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் ஒளிந்து கிடக்கிறது; பல பத்தாண்டுகள் காவல் அதை வெளியே வரவிடாமல் அடக்கி வைக்கிறது. வயது ஏறி அந்தக் காவல் தளரும்போது, ஒரு நரம்பின் தடத்தைப் பிடித்துக்கொண்டு அக்கியாக வெளியே வருகிறது. பாட்டியின் உடல் 68 ஆண்டுகள் ஒரு கிருமியைப் பூட்டி வைத்திருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. காவி எழுதுவதில் தவறில்லை, ஆனால் கொப்புளம் கண்ட மூன்று நாட்களுக்குள் வைரஸ் தடுப்பு மாத்திரை தொடங்கினால் நோய் சீக்கிரம் அடங்கும் என்பதை அன்று நான் அறிந்திருந்தால் அவருடைய வேதனை கொஞ்சம் குறைந்திருக்கும்.

அதே பாட்டியின் மேற்கையில், நாலணா அளவுக்கு வட்டமாக, அம்மை குத்திய தழும்பு இருந்தது. பெரியம்மையைத் தடுக்கப் பசு அம்மையைக் கொண்டு உடலுக்குப் பாடம் சொல்லலாம் என்று எட்வர்ட் ஜென்னர் 1796-இல் செய்து காட்டினார். 1956 நவம்பர் 1-இல் சென்னை மாநிலத்தோடு இணைந்த நம் மாவட்டம், முன்பு திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது. அங்கே கௌரி லட்சுமி பாயின் ஆட்சியில், 1813-இலேயே அம்மை குத்துவதற்கென்று தனித் துறை தொடங்கப்பட்டுவிட்டது. 1980-இல் உலக சுகாதார நிறுவனம் பெரியம்மை ஒழிந்தது என்று அறிவித்தது. என் தலைமுறையினரின் கையில் அந்தத் தழும்பு இல்லை.

காவலைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் சொல்லாமல் விடுவது, நிறுத்தும் வேலையை. மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் வளரும் டி செல்கள் என்ற லிம்ஃபோசைட்டுகளில், சொந்த உடலையே தாக்கக்கூடியவை அங்கேயே அழிக்கப்படுகின்றன. தப்பி வெளியே வந்தவற்றை அடக்குவதற்கென்றே ஒருவகை டி செல்கள் இருப்பதை ஷிமோன் சாகாகுச்சி 1995-இல் காட்டினார். அவருக்கும் மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருக்கும் 2025-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அடக்கும் செல்கள் பழுதானால் உடல் தன்னையே தின்னத் தொடங்குகிறது. தொற்று இரத்தத்தில் கலந்து, காவல் எல்லை மீறிக் கொந்தளிக்கும்போது, விரலில் நன்மை செய்த அதே வேதிப்பொருள்கள் உடல் முழுவதும் குழாய்களைத் தளர்த்தி, இரத்த அழுத்தத்தைச் சரித்து உயிரையே பறிக்கின்றன. ‘எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்’ என்று எழுதியிருக்கும் புட்டியைப் பார்க்கும்போதெல்லாம், எந்த வேலையைக் கூட்டுகிறது, எவ்வளவு, எப்போது நிறுத்துகிறது என்று கேட்கத் தோன்றுகிறது. தடுப்பூசியும் உறக்கமும் போதிய உணவும் சோப்பும் செய்வதற்கு மேல் அந்தப் புட்டிகள் எதையும் செய்து நான் கண்டதில்லை.

பத்தாம் நாள் என் விரல் ஆறிவிட்டது. அதற்குப் பிந்திய சிப்பிக் காலத்தில்தான் அப்பாவுக்கு அது நடந்தது.

சிப்பி அவித்த ஓடுகளைத் தென்னை மூட்டில் கொட்டுவது எங்கள் வீட்டு வழக்கம். அப்பாவுக்குப் பதினெட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். செருப்பில்லாமல் தோப்பில் நடக்க வேண்டாம் என்று எத்தனையோ முறை சொல்லியும், மண்ணை மிதிக்காவிட்டால் அவருக்கு நாள் விடிந்ததாகத் தோன்றாது. சிப்பி ஓடு ஒன்று வலது பாதத்தில், சுண்டுவிரலுக்குக் கீழே கீறியிருக்கிறது. அவர் அதை உணரவே இல்லை. ஐந்தாம் நாள் அம்மா தரையைத் துடைக்கும்போது, அப்பா நடந்த தடத்தில் ஈரக்கறை இருப்பதைக் கண்டு காலைத் தூக்கச் சொன்னார். "ஒண்ணும் இல்ல, லேசா கீறியிருக்கு, வலியே இல்லியே" என்றார் அப்பா. உண்மைதான்; வலி இல்லை, காய்ச்சல் இல்லை, சிவப்பும் மங்கலாகத்தான் இருந்தது. நாற்றம் மட்டும் இருந்தது. மருத்துவமனையில் சர்க்கரை 386 காட்டியது. பத்தொன்பது நாள் கழித்து அவர் வீடு திரும்பியபோது அந்தச் சுண்டுவிரல் இல்லை.

மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருந்த அந்த நாட்களில், என் கட்டைவிரலையும் அப்பாவின் காலையும் நான் திரும்பத் திரும்ப ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். இருவருக்கும் கடல் தந்த சிறு காயம்தான். என் விரல் முதல் மணி நேரத்திலிருந்தே கத்தியது. அப்பாவின் கால் பேசவே இல்லை. நெடுநாள் சர்க்கரை பாதத்தின் நரம்புகளை மரத்துப்போகச் செய்திருந்தது. ஆகவே வலி இல்லை, வலி இல்லாததால் அவர் அந்தக் காயத்தின்மேலேயே ஐந்து நாள் நடந்திருக்கிறார். குழாய்கள் குறுகியிருந்தன, ஆகவே கூப்பிட்ட இடத்துக்கு இரத்தம் போதிய அளவு போகவில்லை, சிவப்பும் சூடும் வரவில்லை. இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருக்கும்போது நியூட்ரோஃபில்களின் ஊர்தலும் விழுங்கலும் கொல்லுதலும் மந்தமாகிவிடுகின்றன. வந்து சேர்ந்த சிலவும் கைகட்டி நின்றன. முதியவர்களுக்குக் கடும் தொற்றிலும் காய்ச்சல் வராமல் போகலாம் என்று அங்கிருந்த மருத்துவர் விளக்கினார். அந்த ஐந்து நாளில் அறிய வேண்டியதை எந்த அறிகுறியும் எங்களுக்குச் சொல்லவில்லை. காய்ச்சல் இல்லை என்று நாங்கள் நிம்மதி அடைந்ததுதான் எங்கள் பெரும் பிழை. இதைப் படிப்பவர்களில் யாருடைய வீட்டிலாவது சர்க்கரை நோயுள்ள பெற்றோர் இருந்தால், இன்றிரவே அவர்களுடைய உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இவ்வளவும் எழுதுகிறேன்.

அன்றிலிருந்து ஒவ்வோர் இரவும் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா சாய்வு நாற்காலியில் காலை நீட்டுவார்; நான் டார்ச் அடித்து, விரலிடுக்குகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்ப்பேன். மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் HbA1c அளவு இப்போது 7 சதவீதத்துக்குக் கீழே வந்திருக்கிறது. சென்ற வாரம் இடது குதிகாலின் ஓரத்தில் ஒரு சிறு கீறல் கண்ணில் பட்டது. புதுச் செருப்பின் வார் உரசியிருக்கிறது. கீறலைச் சுற்றி ஓர் ஐம்பது காசு அளவுக்குச் சிவந்திருந்தது. விரலை வைத்தால் இளஞ்சூடு தெரிந்தது. "லேசா வலிக்குது மக்களே" என்றார் அப்பா. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, அலமாரியிலிருந்து நீலப் பேனாவை எடுத்துச் சிவப்பின் விளிம்பைச் சுற்றி ஒரு கோடு வரைந்தேன். மறுநாள் காலையில் மருத்துவரிடம் கிளம்புவதற்கு முன் பார்த்தபோது, சிவப்பு கோட்டுக்கு உள்ளே ஒரு நெல்மணி அகலத்துக்கு ஒதுங்கியிருந்தது.